கணேசபாண்டியன் சாகாத ஞாயிற்றுக்கிழமை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பிரேமலதாவினுடையது. தாராவியிலிருந்து மாட்டுங்காவில் உள்ள என் வீட்டுக்கு வந்தவள், சொன்ன தேதிக்குத் தைத்துத் தராததற்குச் சமாதானமாக இதைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"எழுதுங்க மாமி, வேண்டாங்கல. ஆனா யாரையும் போட்டுத் தள்ளிராதீய. ஒங்க கதையில கடைசில ஒரு ஆளு செத்துப்போவாவளாம்ல?"

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உண்மைதான். முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன்; முடிக்கத் தெரியாத இடத்திலெல்லாம் ஒருவரைக் கொன்றிருக்கிறேன். விமர்சகர்கள் அதற்கு முரண்நகை என்று கௌரவமான பெயர் வைத்தார்கள். நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "நம் மரபில் காக்கை என்பது முன்னோரின் வடிவமாக—"

(வேண்டாம். கட்டுரையாகிவிடும்.)

இரண்டாவது: "அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கணேசபாண்டியன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டுத் தகரக் கூரையில் மரணம் வந்து—"

(மரணம் கூரையில் உட்காராது. உட்கார்ந்திருந்தவை இரண்டு காக்கைகள்.)

மூன்றாவது, பிரேமலதா சொன்னபடியே: அவள் கணவன் கணேசபாண்டியன், ஐம்பத்து மூன்று வயது, தோல்பைப் பட்டறைத் தொழிலாளி, பல் தேய்த்தபடி நிமிர்ந்து பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

"ரெண்டு காக்காயும் சேந்து... அப்படித்தான் மாமி. ஒங்களுக்கு விளங்கும்லா?"

விளங்கியது. காக்கைகள் இணைவதைக் கண்டவனுக்குச் சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். அவன் செத்துவிட்டான் என்று ரத்த உறவில் ஒருவருக்குப் பொய்ச் சேதி சொல்ல வேண்டும். கேட்டவர் அதை நம்பி மனசார அழ வேண்டும். அந்த அழுகையோடு சாவு ஏமாந்து திரும்பிவிடும். அப்புறம் உண்மையைச் சொல்லி, கிடைக்கிற வசவை வாங்கிக்கொள்ளலாம்.

(கதை எழுதுகிற நாங்கள் படாதபாடு பட்டு ஐந்தாறு பக்கத்தில் கொண்டுவரும் முரண்நகையை இவர்கள் வாய் கொப்பளிப்பதற்குள் ஏற்பாடு செய்துவிடுகிறார்கள்.)

3

யாரை அழவைப்பது? ஊரில் இருக்கும் அக்காவுக்கு நெஞ்சுவலி. பொய்யே அவளைக் கொண்டுபோய்விடும். மிச்சம் ஒரே ஆள்தான். மான்குர்த்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தம்பி நாகராஜ். அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

பேசாமல் போனதற்குக் காரணமும் காக்கைதான். இதை நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படியாகச் சேர்த்திருப்பேன்.

முன்பு ஒருமுறை ஊரில் அவர்கள் அம்மா காக்கைகளைப் பார்த்துவிட்டாள். சேதி நாகராஜுக்குப் போனது. அவன் ரயிலில், கக்கூஸ் பக்கத்தில் நின்றபடி, இரண்டு நாள் அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தால் அம்மா வாசலில் நின்று சிரிக்கிறாள். நாலு வருஷம் கழித்து அண்ணன் ஃபோன் செய்து "அம்மா போயிட்டா, லே" என்றபோது நாகராஜ் கேட்டான்:

"இந்தத் தடவ எத்தன காக்கா?"

அவன் கிளம்பவில்லை. நம்புவதற்கு மூன்று நாள் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "பெத்தவ சாவுல காக்கா எண்ணுனவன் என் முகத்துல முழிக்கக் கூடாது" என்றான் கணேசபாண்டியன். அதோடு சரி.

இப்போது அதே தம்பிக்கு அதே சேதி.

"நம்ப மாட்டான், ஏட்டி."

"நம்பலன்னா அழ மாட்டாரே. அழலன்னா ஒங்களுக்குப் பீடை போவாதே."

"போவாட்டிப் போட்டும். வருவானான்னு பாப்போம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் வாய்விட்டுச் சொன்னானா, தனக்கு அப்படிக் கேட்டதா என்று பிரேமலதாவுக்கு நிச்சயமில்லை. எனக்கு நிச்சயம். அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்குச் சாவு இரண்டாம்பட்சம். தம்பி வருவானா மாட்டானா, அவ்வளவுதான்.

4

"தம்பி, ஒங்க அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாவ" என்று ஃபோனில் சொன்னபோது பிரேமலதாவுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"முன்னால உக்காந்து இட்லி திங்காவ மாமி."

மறுமுனையில் அழுகை இல்லை, திட்டு இல்லை. லைன் கட்டானது. திரும்ப அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

"பாத்தியா? சிரிச்சிருப்பான்" என்றான் கணேசபாண்டியன். மீதி இட்லியை அவன் தொடவில்லை.

மணி பத்தரை. மான்குர்த்திலிருந்து குர்லா வந்து, வண்டி மாறி சயானில் இறங்கினால் மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். ஆனால் அன்று ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக வண்டி கிடையாது. அதனால் பன்னிரண்டு மணிக்கும் ஆளைக் காணவில்லை என்றால், வரவில்லை என்று அர்த்தமா, பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தமா, தெரியவில்லை. கணேசபாண்டியன் சட்டையை மாற்றினான். பிறகு பழையதையே போட்டுக்கொண்டான். நாலு தடவை வாசலுக்கு வந்தான். செத்த மனுஷன் வாசலில் நிற்கலாமா என்று பிரேமலதா ஒவ்வொரு தடவையும் உள்ளே தள்ளினாள்.

5

(என் பழைய கை அரிக்கிற இடம் இதுதான்.)

முடிவு அ: ஓடும் பஸ்ஸைப் பிடிக்க நாகராஜ் ரோட்டைக் கடக்கையில் ஒரு லாரி—

முடிவு ஆ: காத்திருந்த கணேசபாண்டியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு— தம்பி மாலையோடு வந்து சேர, பொய்ச் சேதி மெய்யாகி—

இரண்டும் கச்சிதமாக இருக்கின்றன. அதனால்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நிஜத்தில் சாவு இப்படி ஒழுங்காக மடித்து வைத்துக்கொண்டு வருவதில்லை. என் கணவர் ஜெயராம் போன மறுநாள், அவர் ஆர்டர் செய்திருந்த நடைப்பயிற்சி ஷூ வீட்டுக்கு வந்தது. கதையில் எழுதியிருந்தால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் மிகை என்று அடித்திருப்பார். திருப்பி அனுப்பக் காரணம் கேட்டார்கள். பட்டியலில் இருந்தவற்றில் 'அளவு சரியில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நெஞ்சு வலியையும்தான். பிரேமலதாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன்.

6

ஒன்றரை மணிக்கு நாகராஜ் வந்தான். ஒன்பது வருஷத்தில் சந்து மாறிப்போயிருந்தது. குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டுச் சுலைகாவிடம், "துட்டி வீடு எது, அக்கா?" என்று சாவு வீட்டை விசாரித்தான்.

"துட்டியா? இங்க யாரு மௌத்தானது?"

"கணேசபாண்டியன்."

"அல்லாவே! இப்பத்தானே அந்த ஆளு வாசல்ல வந்து நின்னாரு!"

"இல்லக்கா, காலையிலயே போயிட்டாவ" என்றான் நாகராஜ்.

குரல் கேட்டுப் பிரேமலதா ஓடிவந்தாள். அவன் கையில் செய்தித்தாளில் சுற்றிய ரோஜா மாலை. முகத்தில் ஈரமே இல்லை. வழியெல்லாம் அழுது தீர்ந்த முகமா, அழவே அழாத முகமா என்று அவளால் பிடிக்க முடியவில்லை.

"தம்பி, நான் ஒரு பொய்யி..."

"பேசாதீய மதினி. என்னத்த வேணாலும் சொல்லுங்க, காக்கான்னு மட்டும் சொல்லிராதீய. இந்தத் தடவ நான் எண்ணல."

மாலையை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனான்.

7

இதற்கு மேல் பிரேமலதாவுக்கே தெரியாது. ஒற்றை அறை வீடு. கதவு உள்ளேயிருந்து சாத்தப்பட்டது. சாத்தியது யாரென்று அவள் பார்க்கவில்லை. தட்டு உருண்ட சத்தம் கேட்டது. பளாரென்று ஓர் அறை. யார் யாரை அறைந்தது? பிறகு ஒருவர் அழுதார். ஒருவர் மட்டும். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற ஆண் அழுகை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல்.

"இருவத்தாறு வருசம் கூட இருந்துட்டேன் மாமி. அவுக அழுது நான் ஒருநாளும் கேட்டதில்ல. பொறவு எப்படிக் கண்டுபிடிக்க?"

"கதவத் தொறந்தப்போ கண்ணைப் பார்த்தா தெரிஞ்சிருக்குமேடி?"

"ரெண்டு பேரும் முகத்தக் கழுவிட்டுத்தான் தொறந்தாவ."

மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்துவிட்டேன். அழுதது தம்பி என்று எழுதினால் பரிகாரம் பலித்துவிடும். சாவு ஏமாந்து போகும். அண்ணன் என்று எழுதினால், அந்த அழுகைக்கு எது ஏமாந்து போகும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. அண்ணன்தான் அழுதிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைப்பட்டதை எழுதிப் பழக்கமில்லை.

ஆகவே நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து, சாத்திக் கிடக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் நில்லுங்கள். உயிரோடிருக்கிறவனுக்கு வாங்கிய மாலையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கீழே வைக்கவும் முடியாது, உள்ளே கொண்டுபோகவும் முடியாது. அழுகை இன்னும் நிற்கவில்லை. யாருடையது என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். அவசரமே இல்லை, யாரும் சாகவில்லை.