மருந்துக்கடைக்காரரின் புதினா வினிகர்

என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார். இருமல் மருந்தோ வலித் தைலமோ கொண்டுபோவார். போன வருடம் அவருடைய அக்கா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"ஏண்டா, உன் கையால மருந்தத் தவிர வேற ஒண்ணும் வராதா?"

மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அக்கா என்றால் அவருக்கு உயிர்.

அதனால் இந்த வருடம் அக்காவின் பிறந்தநாளுக்குத் தானே மூலிகை வினிகர் செய்து கொடுப்பதென்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். புதினாவையும் ரோஸ்மேரியையும் அலசி, ஈரம் போக உலர்த்தி, தட்டிய பூண்டும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து, வினிகரை இளஞ்சூடாக ஊற்றி, துணி அலமாரிக்குள் வைத்தார். இருட்டில்தான் நன்றாக ஊறுமாம். இரண்டு வாரம் நான் போன இடமெல்லாம் பூண்டு வாசம்.

"சாலட்ல ஊத்துறது, அழகான பாட்டிலா பாத்து வாங்குங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? கடையில் சும்மா கிடந்த பழுப்பு நிற சிரப் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டெடுத்து, காயவைத்து, வடிகட்டி ஊற்றினார். அளவு மூடி வேறு. கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் லேபிளும் ஒட்டிவிட்டார்: 'நன்றாகக் குலுக்கவும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.'

பிறந்தநாள் கூட்டத்தில் அக்காவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று, என்னவென்று சொல்லாமலே கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாளில் போன் வர ஆரம்பித்தது.

"முழங்காலுக்கு நல்லா கேக்குதுப்பா" என்றார் சித்தப்பா.

"அண்ணே, கொப்புளிச்சாச்சு. துப்பணுமா, முழுங்கணுமா?" என்றான் தம்பி.

கடைசியில் அக்கா. "வாயில வைக்க முடியலடா. நீ குடுத்ததாச்சேன்னு மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரு வேளைகூட விடாம குடிக்கிறேன். எனக்கு என்ன வியாதின்னு மட்டும் மறைக்காம சொல்லிடு."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. பாவம், அழாத குறைதான். போனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்படி அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வந்து உட்கார்ந்ததும், இவர் அவர் கண்ணெதிரிலேயே வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கி, எண்ணெயும் உப்பும் சேர்த்து, அந்த வினிகரை ஊற்றிக் கிளறி நீட்டினார். அக்கா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகு தட்டையே மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்குடா!"

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், எதற்கு மறைக்க வேண்டும்? அக்கா தட்டை வழித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இத சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிடணுமா, பின்னாடியா?"

"சாப்பாட்டோடக்கா" என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எத்தன நாளைக்கு?"

"ஆயுசு பூரா சாப்பிடலாம் அண்ணி" என்றேன் நான், சமாதானமாக.

அக்கா முகம் வெளிறிவிட்டது.

"அவ்வளவு முத்திப்போச்சா?"