கடைசிப் பிடி இறகு

ஒத்தீலியா ஒரு பானை மூடியைத் தூக்கிக் காட்டி, நிலக்கரி ஏற்றி வந்த நாற்பது பெட்டி ரயிலை நடுப் பனிவெளியில் நிறுத்தினாள். நின்ற ரயில் வெட்கப்பட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தும் கொண்டது.

உள்ளே யாரோ ஒருத்தி இதைச் சொல்லி முடித்தபோது, கதவுக்கு வெளியே ஒத்தீலியாவின் கணவர் அல்பீன் பூட்ஸில் ஒட்டிய பனியைத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தார். துடைப்பம் அந்தரத்தில் நின்றது. சவப்பெட்டிக்குள் கிடத்திய பிறகும் ரயிலை விடமாட்டேன் என்கிறாளே என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பூட்ஸை மறுபடி தட்டத் தொடங்கினார். உள்ளே போகாமல் இருக்க அவரிடம் இருந்த ஒரே சாக்கு அந்தப் பனிதான்.

அந்தக் குடியிருப்புக்குப் பெயர் கிடையாது. கஜகஸ்தானின் கரகண்டா நகரத்திலிருந்து தண்டவாளத்தோடு எண்ணிக்கொண்டு வந்தால் நூறாவது கிலோமீட்டர், அதுவே பெயர். அன்றைக்கு அடித்த குளிர் சாதாரணக் குளிர் இல்லை. வீட்டுப் பூனை வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அடுப்பிடம் மன்னிப்புக் கேட்டது. நகரத்துப் பாதிரியாரின் கார் பாதி வழியிலேயே புதைந்துவிட்டதாகத் தகவல். ஜெர்மனிக்குக் குடிபோன மகன், விமானம் எதுவும் கிளம்பவில்லை, எனக்காகக் காத்திருக்க வேண்டாம் அப்பா என்று தொலைபேசியில் அழுதான்.

பாதிரியார் இல்லாமல் அடக்கம் நடத்துவது அந்தப் பெண்களுக்குப் புதிதல்ல. பாதிரியார் என்றால் எப்படி இருப்பார் என்று தெரியாமலே அவர்கள் ஒரு தலைமுறைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். மண்தான் காத்திருக்காது. நேற்றுக் காலையிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் கரியைக் கொட்டி எரித்து, இளகிய மண்ணைத் தோண்டிக் குவித்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் இறக்காவிட்டால் குவித்த மண் பாறையாகிவிடும். அப்புறம் கடப்பாரையால்தான் ஒத்தீலியாவுக்குப் போர்த்திவிட வேண்டியிருக்கும்.

எல்லாம் தயார். தலையணை மட்டும்தான் பாக்கி.

நூறாவது கிலோமீட்டரில் பெண்கள் குளிர்காலம் முழுக்க ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாத்து இறகு உரிப்பார்கள். தண்டை எறிந்துவிட்டு மெத்தென்றிருப்பதை மட்டும் குவிக்க வேண்டும். பழைய சோவியத் காலத்தில் ஜெபக்கூட்டம் என்று சொன்னால் போலீஸ் வரும். இறகு உரிக்கிறோம் என்றால் யார் வரப்போகிறார்கள்? அப்படியும் ஒரு அதிகாரி வந்தார். ஒத்தீலியா அவரை வரவேற்றுக் குவியலின் அருகிலேயே உட்காரவைத்தாள். அவர் ஏப்ரல் வரை தும்மினார், அந்தத் தும்மலிலேயே பதவி உயர்வும் போயிற்று என்பது அவள் கணக்கு. அந்த மேசையில்தான் யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் மாவு தீர்ந்தது, எந்தக் குழந்தை இன்னும் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றப்படாமல் இருக்கிறது என்பதெல்லாம் பேசி முடிவாகும். கடவுள் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று ஒவ்வொருத்தியும் தன் கதையைச் சொல்வதும் அங்கேதான். சத்தம் போடாமல், பெருமூச்சு விடாமல், சிரிப்பையும் அடக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இறகு பறந்துவிடும்.

செத்தவருக்கு அங்கே வாங்கிய தலையணை வைப்பதில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு பிடி இறகை எடுத்துக்கொண்டு, இறந்தவர் வழியாகத் தனக்குக் கடவுள் செய்த ஒன்றைச் சொல்வாள். ஊசி வைத்திருப்பவள் “நடந்ததா?” என்று கேட்பாள். “நடந்துச்சு” என்று சொல்லி, பிடியை உறைக்குள் விட வேண்டும். கையில் இறகோடு பொய் சொன்னால் தலையணை குத்தும், செத்தவர் தூங்க முடியாது. மிகைப்படுத்துவது பொய்யில் சேராது என்று ஒத்தீலியாவே எப்போதோ தீர்ப்பு வழங்கியிருந்தாள். அவள் இல்லாவிட்டால் வேறு யார் வழங்குவார்கள்? கடைசிப் பிடி, வீட்டில் மிக நெருங்கியவருடையது. அது விழாமல் உறையைத் தைக்கக் கூடாது.

“அத்தான், பூட்ஸு தேஞ்சுபோயிடும். உள்ள வாங்க” என்று குரல் கொடுத்தாள் தெக்லா. ஒத்தீலியாவின் தங்கை. ஊசி அவளிடம்தான் இருந்தது.

அல்பீன் கதவைத் திறந்தார். திருமணமான நாளிலிருந்து செய்துவந்த தவறையே இன்றும் செய்தார்: முன்கதவைச் சாத்தாமல் உள்கதவைத் திறந்துவிட்டார். வெளிக்காற்று ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து குவியலைத் தூக்கியது. அறையெங்கும் வெள்ளை. பெண்கள் யாரும் கத்தவில்லை. இறகு உரித்துப் பழகிய வாய் அப்படித்தான். எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக அந்தப் பக்கத்திலிருந்துதான், “வந்துட்டார்யா எங்க பனிப்புயல்” என்று ஒரு குரல் வரும். அங்கே இப்போது சவப்பெட்டி இருந்தது. இறகுகள் நிதானமாக இறங்கின. ஒன்று ஒத்தீலியாவின் புருவத்தில் போய் உட்கார்ந்தது. அல்பீன் அதை எடுக்கக் கை நீட்டினார். எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

அவரைச் சுவரோரமாக உட்காரவைத்தார்கள்.

யுஸ்தீனா என்ற இளம் விதவையின் முறை. குடித்தே செத்த தன் புருஷனின் அடக்கத்தில் பாட ஒருவரும் வரவில்லை என்றும், ஒத்தீலியா மட்டும் பனியில் நடந்து வந்தாள் என்றும் மெல்லச் சொன்னாள். “நாலு குரல் பாட்டு அது. நாலையும் அக்காவே பாடுனாங்க. ஆம்பளக் குரல் வர்றப்ப தாடையை நெஞ்சுல அழுத்திக்கிட்டாங்க. அன்னிக்குத்தான், என்னையும் எம்புருஷனையும் சாமி கைவிடலன்னு தோணுச்சு.”

“நடந்ததா?”

“நடந்துச்சு.”

பிறகு மர்ஜான். கசாக்கு முஸ்லிம் பெண், ஜெபமாலை சொல்லும்போது மரியாதையாக வாய் மூடி இருப்பாள், இறகு உரிப்பதில் எல்லோரையும் முந்திவிடுவாள். அவளைப் பெற்றபோது அவள் தாய் ஜெய்னெப், குழந்தை குறுக்கே கிடந்து வெளிவர முடியாமல் இரண்டு நாள் துடித்தாள். பாதையைப் பனி மூடிவிட்டது. நூறாவது கிலோமீட்டரில் கரி வண்டிகள் நிற்பதே இல்லை. அப்போது கல்யாணமாகாத ஒத்தீலியா, வாத்து வேகும் அண்டாவின் தகர மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தண்டவாளத்தின் நடுவே நின்றாள். ஜெய்னெப்பை என்ஜினிலேயே ஏற்றினார்கள்.

“பாஸ்போர்ட்டுல பொறந்த ஊரு நூறாவது கிலோமீட்டர்னு இருக்கு. ஆனா நான் எண்பத்தெட்டாவது கிலோமீட்டர்லயே பொறந்துட்டேன்னு அம்மா சொல்லும். என்ஜின் குலுக்குன குலுக்கல்ல நானே திரும்பிக்கிட்டேனாம். அந்த மூடி இல்லாட்டி நான் இல்ல” என்றாள் மர்ஜான். பிறகு சுவரோரம் பார்த்து, “மாமா கோவிச்சுக்கக் கூடாது” என்று சேர்த்துக்கொண்டாள்.

ஏனென்றால் அந்த வண்டியை ஓட்டி வந்தவர் அல்பீன். வண்டி நின்றது உண்மை; அதில் யாருக்கும் சண்டையில்லை. ஏன் நின்றது என்பதில்தான் வழக்கு. ஒத்தீலியா, தானும் மாதாவும் சேர்ந்து நிறுத்தியதாகச் சொல்வாள். மூடியில் இருக்கும் நெளிவு, என்ஜின் வந்து முத்தம் கொடுத்ததால் விழுந்தது என்பாள். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பெட்டியைக் கூட்டுவாள். அல்பீனோ, “ரயில் என்ன ஆட்டுக்குட்டியா, மூடியக் காட்டினா நிக்கறதுக்கு? பிரேக் குழாய் வெடிச்சு அதுவா நின்னுச்சு. இவ அந்த நேரம் பார்த்து வந்து பேரு வாங்கிட்டா” என்பார். வழக்கை விசாரித்த ஒரே நிபுணர் அவர். அதனால் தீர்ப்பு எப்போதும் அவர் பக்கம். சிரிப்பு எப்போதும் அவள் பக்கம்.

குழாய் வெடிக்கவில்லை. அது அல்பீனுக்கும், அவரோடு என்ஜினில் கரி அள்ளிப் போட்டவனுக்கும் தெரியும். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒத்தீலியாவுக்கும் தெரியும்.

போன வாரம், படுக்கையில் சாய்ந்தபடி அவள் கேட்டாள். “டிரைவரே, ஒரே ஒரு தடவ சொல்லிடு. இங்க யாரும் இல்ல. நான் வெளிய சொல்லமாட்டேன்.”

“குழாய்தான் வெடிச்சுது” என்றார் அவர்.

அவள் சிரித்தாள்; சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, “சரி, சரி. வசந்தம் வரட்டும், சொல்றேன்” என்றார். வசந்தத்துக்கு இன்னும் எவ்வளவோ பனி கிடந்தது. புதன்கிழமை காலையில் அவர் தேநீரோடு வந்தபோது அவளுக்கு அது தேவைப்படவில்லை.

“அத்தான்” என்றாள் தெக்லா. உறையின் வாய் விரிந்து அவர் முன்னால் இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் பழுக்கத் தொடங்கிவிட்டது.

அவர் ஒரு பிடி எடுத்தார். கையில் எடையே இல்லை. தொண்டையைச் செருமியதும் பாதி பறந்துவிட்டது. இன்னொரு பிடி எடுத்துக் கொடுத்தார்கள்.

“நல்ல பொம்பள. சூப்பு நல்லா வைப்பா” என்றார்.

தெக்லா ஊசியை இறக்கினாள். “இது சாட்சி இல்ல அத்தான். சாப்பாட்டுக் கடைக்குக் குடுக்குற சர்டிபிகேட்.”

யுஸ்தீனா சிரிப்பை அடக்கப்போய் ஒரு கொத்து இறகு கிளம்பி மர்ஜானின் தலைத்துணியில் இறங்கியது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. வெளியே கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆள் வந்து கதவருகே நின்று, மண் இறுகுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்பின் மேல் அடக்கத்துக்குப் பிறகான சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அதே அண்டா. அதே மூடி. உள்ளிருந்து ஆவி முட்டும்போதெல்லாம் மூடி நெளிந்த பக்கமாக லேசாக எழும்பித் தட்டியது.

அல்பீன் அதைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி அந்த வீடு கேட்டதில்லை.

“குழாய் வெடிக்கல. புயல் விட்டு வெயில் அடிச்ச நாளு. தூரத்துல தண்டவாளத்து மேல ரெண்டாவது சூரியன் மாதிரி ஒண்ணு மின்னுச்சு. ஆளுன்னு தெரிஞ்சதும் பிரேக்க முழுசா இழுத்தேன். நிக்கல. பனி மேல வழுக்கிக்கிட்டே போவுது. ஊதுனேன். அவ நகரல. கையக்கூட ஆட்டல. கொல்லப்போறேன்னு தெரிஞ்சுபோச்சு.”

பிடித்த இறகு வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அவர் கையை மாற்றவில்லை.

“அப்ப நான் கட்சி ஆளு. சாமியாவது பூதமாவதுன்னு பேசிட்டுத் திரிஞ்சவன். எங்கம்மா சொல்லிக்குடுத்த ஜெபம் வாயில வந்துச்சு. ‘அருள் நிறைந்த மரியே’. பாதிதான் ஞாபகம் இருந்துச்சு. அந்தப் பாதியவே கத்திக் கத்திச் சொன்னேன். கரி போட்டவன் என்னையப் பைத்தியத்தப் பாக்கறாப்புல பாத்தான்.”

தெக்லாவின் ஊசி அசையவில்லை.

“நின்னுச்சு. இறங்கி ஓடுனேன், திட்டறதுக்குத்தான். அவ முன்னாடியே மடிஞ்சு விழுந்தேன். அந்த நெளிவு என்ஜின் பட்டது இல்ல. என் நெத்தி பட்டது. விழுந்தவன் எழுந்திரிக்காம அழுதேன். அவ என்னையப் பிடிச்சுத் தூக்கி, ‘அப்புறம் அழுவலாம், உள்ள ஒருத்தி சாவுறா, வா’ன்னா. ஆபீஸ்ல குழாய்னு எழுதிக் குடுத்தேன். அப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டேன்.”

அறையில் இருந்தவர்கள் அந்தக் கதையை எத்தனையோ குளிர்காலமாகக் கேட்டவர்கள். ரயில் வெட்கப்பட்டதைக் கேட்டிருக்கிறார்கள், புகைபோக்கி தொப்பியைக் கழற்றியதைக் கேட்டிருக்கிறார்கள். ஓட்டுநர் அழுததை மட்டும் கேட்டதில்லை. பெட்டிக்கு மேல் பெட்டி கோத்து, பொய்யாய் ஒரு முத்தத்தையும் சேர்த்துச் சொன்னவள், இதை ஒரு நாளும் வாயைவிட்டு விடவில்லை.

மர்ஜான் தன் தலைத்துணியின் நுனியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மூடி ஒருமுறை தட்டியது.

“நடந்ததா?” என்று கேட்டாள் தெக்லா. வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

அல்பீன் உறைக்குள் கையை விட்டார்.

“நடந்துச்சு” என்றார். பிறகு, “நாப்பது பெட்டி இல்ல தெக்லா. அறுபது.”

கை வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை தெக்லா, ஏற்கெனவே கோத்திருந்த நூலையே மறுபடி மறுபடி கோத்துக்கொண்டிருந்தாள்.