காய்ந்த துணி

காலை ஆறரை மணிக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒன்பது கார்கள் வரிசையாக நின்றன. எட்டு கார்களை ஈரத்துணியால் பூப்போலத் துடைத்து முடித்த பாலிஷ்காரன், ஒன்பதாவதாக நின்ற கறுப்புக் காருக்கு வந்ததும் வாளியைக் காலால் தள்ளி வைத்தான். தோளில் கிடந்த முரட்டுத் துண்டை எடுத்து உதறினான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை, படவும் விட்டதில்லை. முந்தைய நாள் ஊரெல்லாம் ஓடி வந்த தூசி பானெட்டின் மேல் மாவாகப் படிந்திருந்தது. அதன் மேல் துண்டை வைத்து, உள்ளங்கையை அழுத்தி, வட்டம் வட்டமாகத் தேய்த்தான். தூசிக்குள் இருக்கிற மணல் பெயிண்டில் உரசும் சத்தம் வேறு யாருக்கும் கேட்காது. அவனுக்குக் கேட்டது. கேட்கக் கேட்க வயிறு குளிர்ந்தது.

காரின் சொந்தக்காரர் பல் டாக்டர். நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நல்லா அழுத்தித் தொடைப்பா. தூசியே இருக்கக் கூடாது."

"ஆகட்டும் சார். நீங்க சொன்னபடியே."

"மத்த வண்டிக்கெல்லாம் எப்படியோ. இது கறுப்பு. சின்னப் புள்ளி இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும்."

"தெரியும் சார்," என்றான் பாலிஷ்காரன். அவனைவிட யாருக்குத் தெரியும்!

இப்போது அவன் மாதச் சம்பளத்துக்குக் கார் துடைக்கிறவன். அதற்கு முன்னால் பதினாறு வருடம் ஒரு பெரிய கார் பாலிஷ் கடையில் மெஷின் பிடித்தவன். எட்டு மாதத்துக்கு முன்பு இதே காருக்கு மூன்று நாள் முழு வேலை பார்த்தவனும் அவன்தான். முதல் நாள் களிமண் கட்டி வைத்து அழுக்கை உருவி எடுத்தான். இரண்டாம் நாள் மூன்று வகைப் பஞ்சு மாற்றி மாற்றி மெஷின் ஓட்டினான். மூன்றாம் நாள் பளபளப்பைக் காக்கும் கோட்டிங் பூசி, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு ஈகூட உள்ளே வராமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தான். வண்டியை வெளியே எடுத்தபோது கடைக்கு எதிரே இருந்த மரம் இலை இலையாகக் கதவில் தெரிந்தது.

சாவியைக் கொடுக்கும்போது டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் சொன்னான். "ஏழு நாளைக்குத் தண்ணியே படக் கூடாது சார். அப்புறம் கழுவும்போது சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. பாத்திரம் கழுவுற சோப்பு வேண்டாம். பறவை எச்சம் விழுந்தா அன்னைக்கே ஊற வச்சு எடுத்துடுங்க. முக்கியமா, காய்ஞ்ச துணியால மட்டும் தொடைக்கவே தொடைக்காதீங்க. தூசியே கீறிடும்." டாக்டர் கதவில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து முடியைக் கோதிக்கொண்டே தலையாட்டினார். பக்கத்தில் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான் நெட்டை. கடையில் வண்டி கழுவுகிறவன். அவன் காதிலும் விழுந்தது.

டாக்டருக்குப் புதுப் பளபளப்பின் மேல் அப்படி ஒரு ஆசை. தினமும் காலையில் எழுந்ததும் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு போய்த் தன் கையாலேயே துடைத்தார். உலகத்துக்கெல்லாம் மெதுவாகப் பல் தேய்க்கச் சொல்லித் தருகிற மனிதர், காரை மட்டும் பாத்திரம் துலக்குகிற மாதிரி தேய்த்தார். இரண்டே மாதத்தில் வண்டி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல்.

"உங்க ஆளு மெஷினை அழுத்திக் கெடுத்துட்டான்," என்று கடையில் வந்து குதித்தார். முதலாளிக்கு ஒரு பார்வையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் இந்த டாக்டர் சொன்னால் இன்னும் பத்து டாக்டர்களின் கார்கள் வரும். முதலாளி நெட்டையைக் கூப்பிட்டார்.

"நீ பக்கத்துலதானே இருந்த? எப்படிப் பராமரிக்கணும்னு இவன் சார்கிட்ட சொன்னானா?"

நெட்டை தரையைப் பார்த்தான். "ஞாபகம் இல்லீங்க முதலாளி."

அவ்வளவுதான். பதினாறு வருட வேலை அந்த மூன்று சொல்லில் போய்விட்டது. டாக்டருக்கு முன்னால் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்கவும் வைத்தார்கள். மறுநாள் நெட்டை கையில் மெஷின் வந்தது. அதே காரை அவன்தான் இலவசமாக மறுபடி சரிசெய்து கொடுத்தான் என்று பிறகு தெரிந்தது. மற்ற கடைகளில் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "கை அழுத்தம் சரியில்லைன்னு சொன்னாங்களே" என்று முதலாளியின் வாய் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சொல்லி வைத்த மாதிரி கதவைச் சாத்தினார்கள்.

கீழ்த்தள வேலைக்கு வந்த முதல் நாள் அந்தக் கறுப்புக் காரின் எண்ணைப் பார்த்ததும் அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டான். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான். டாக்டரோ, "புது ஆளா?" என்று கேட்டுவிட்டுத் துண்டைத் தூக்கிப் போட்டார். கடையில் அவன் எப்போதும் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டியிருப்பான். கட்டாமல் இருந்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. அவன் மன்னிப்புக் கேட்ட நேரத்திலும் அந்த மனிதர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அவன் மனசுக்குள் கறுவிக்கொண்டான். அவர் சொன்னதை மட்டும் செய்வது. சொன்னபடியே, ஒரு நாள் விடாமல். துண்டும் அவர் கொடுத்தது, அழுத்தச் சொன்னதும் அவர். ஞாயிற்றுக்கிழமை கழுவுவதற்கு வீட்டுக்குள்ளிருந்து பாத்திர சோப்பை அனுப்பியதும் அவர்தான். வெளியே நின்ற இடத்தில் காரின் கூரையில் பறவை எச்சமிட்டிருந்தால் அது காய்ந்து கல்லாகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, பிறகு துண்டால் வரட்டு வரட்டென்று இழுப்பான். முதலாளியும் டாக்டரும் மறுபடி ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கட்டும். இலவசமாகச் செய்து செய்து முதலாளியின் வயிறு எரியட்டும். ஞாபகம் இல்லாதவனும் கொஞ்சம் வேகட்டும்.

அவன் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டவன் சில வாரங்களாகக் குறட்டை விடுவதைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை.

"ஏங்க, நீங்களா? வண்டியில விரல் வச்சாலே கத்துவீங்களே!"

"அவன் வண்டி. அவன் துணி. எனக்கென்ன?"

"உங்க கைக்கு அது வலிக்கலையா?"

"மத்த எட்டு வண்டிக்கு வலிக்கும். இதுக்கு இனிக்குது," என்றான். அது உண்மைதான். அவள் விளக்கை அணைத்தாள்.

கீழ்த்தள வேலைக்கு வந்த நான்காவது மாதம் ஒரு நாள் டாக்டர் தன் மருத்துவமனை வாசலில் வண்டியை வெயிலில் நிறுத்தியிருக்கிறார். சாய்ந்த வெயில் கறுப்புக் காருக்குப் பரம எதிரி. மறுநாள் காலை பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல் கீழே இறங்கி வந்தார்.

"பார்த்தியா? திரும்பவும் அதே கீறல்! அந்தக் கடைக்காரன் என் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான். நீ வா என்கூட. தினமும் தொடைக்கிறவன் நீதானே? எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்னு நீயே அவன்கிட்ட சொல்லு."

பாலிஷ்காரன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் உச்சி குளிர்ந்துவிட்டது. துரத்திய கடைக்குள், துரத்த வைத்தவரின் காரிலேயே, அவருடைய சாட்சியாகப் போகிற யோகம் யாருக்குக் கிடைக்கும்? பின் சீட்டில் அழுக்குப் படாமலிருக்க டாக்டர் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார். அவன் அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

கடையில் ஒன்றும் மாறவில்லை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காரிலிருந்து அவன் இறங்குவதைக் கண்டதும் முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. காரின் கூரையைப் பார்த்தார், அவன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். பதினாறு வருடம் வேலை வாங்கியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் வாயைத் திறந்து என்ன சொல்வது? காய்ந்த துணியால் வந்த கீறல் என்றால், போன முறை வந்ததும் அதேதானே என்று டாக்டர் கேட்பார். அப்போது ஏன் சொல்லவில்லை என்பார். முதலாளி எச்சில் விழுங்குவதைப் பாலிஷ்காரன் ஆசை தீரப் பார்த்தான்.

"நீயே சொல்லுப்பா. எப்படித் தொடைப்ப?"

"நீங்க சொன்னபடிதான் சார். ஒரு நாள் விடாம."

"கேட்டீங்களா?" என்றார் டாக்டர்.

முதலாளி உள்ளே திரும்பிக் கத்தினார். "டேய் நெட்டை! இங்க வா!"

நெட்டை மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். ஏப்ரன் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. பாலிஷ்காரனைக் கண்டதும் அரைச் சிரிப்புச் சிரித்து, உடனே விழுங்கிக்கொண்டான். காரைப் பார்த்தான். மெஷின் கீறலுக்கும் துணிக் கீறலுக்கும் வித்தியாசம் அவனுக்கும் தெரியும். கற்றுக்கொடுத்தவன் எதிரிலேயே நின்றான்.

"முதலாளி, இது மெஷின் கீறல் இல்லீங்க. இது யாரோ—"

"வாயை மூடு! சார் என்ன பொய்யா சொல்றாரு? மன்னிப்புக் கேட்டுட்டு, கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு."

இந்த இடத்தைத்தான் பாலிஷ்காரன் இத்தனை மாதம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான். அதில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர், முதலாளியும் டாக்டரும். அவர்கள் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெட்டை மட்டும் கைகட்டி நின்றான்.

"அண்ணே," என்றான் நெட்டை. "வீட்டுல ரெண்டு மாசக் கைக்குழந்தை. நீங்களாவது சொல்லுங்கண்ணே."

ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்வதற்கு நாக்கின் நுனிவரை வந்தது. அதை அவன் எப்படித் துப்புவான் என்றுகூட ஒத்திகை பார்த்திருக்கிறான்.

"சார்," என்றான் டாக்டரிடம். "நான்தான் சார். காய்ஞ்ச துண்டால அழுத்தித் தொடைச்சது நான். அதுதான் கீறுச்சு. போன தடவையும் காய்ஞ்ச துணிதான்."

டாக்டர் அவனைப் பார்த்துச் சிரித்தார். "தூசியைத் தொடைச்சா பெயிண்ட் கீறுமா? பாவம், இந்த ஆளுக்காகப் பரிஞ்சு பேசுறான்." கைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நிழலுக்கு நகர்ந்தார்.

முதலாளி பாலிஷ்காரன் அருகில் வந்து குரலை இறக்கினார். "போதும். உன் ஆத்திரம் தீர்ந்துச்சா? இன்னைக்கே வந்துடு, பழைய சம்பளம். இந்த வண்டியை முதல்ல எடு." அவன் பதில் சொல்வதற்குள் டாக்டரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சார், இவரு எங்க பழைய ஆளு. இந்த ஏரியாவுலயே இப்படி ஒரு கை கிடையாது. இவரையே செய்யச் சொல்றேன், இலவசமா."

டாக்டர் கைபேசியைப் பொத்திக்கொண்டார். "அப்படிப்பட்ட ஆளை முதல் தடவையே என் வண்டிக்கு விட்டிருக்கலாமேய்யா!"

நெட்டை ஏப்ரனைக் கழற்றி மெஷினின் மேல் போட்டான். யாரையும் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கதவைத் தாண்டிப் போனான். பாலிஷ்காரன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கீழே வைத்தான். வீட்டில் ஆறு மாதமாகப் பெரும்பாலும் மனைவியின் இஸ்திரிதான் அடுப்பு எரித்தது. அவன் ஏப்ரனை எடுத்துத் தலைவழியே மாட்டினான். நெஞ்சுப் பக்கம் முழுக்க நெட்டையின் வியர்வை, இன்னும் சூடு ஆறவில்லை. அது சட்டையைத் தாண்டி உடம்பில் ஒட்ட ஒட்ட, கையைப் பின்னால் விட்டு முடிச்சுப் போட்டான்.