இடது சுவரோரம் நடந்தவர்கள்

பிளாட்டினம் பூசும் இயந்திரம் வந்திறங்கிய மூன்றாம் நாள் காலை, கெலமங்கலம் சாலையிலுள்ள சென்சார் தொழிற்சாலையின் நுழைவுப் பாதையில் நடந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து, பாதிப் பேர் இடது சுவரிலும் பாதிப் பேர் வலது சுவரிலும் போய் ஒட்டினார்கள். எல்லோரும் நேராகத்தான் நடந்தார்கள். முப்பதாவது அடிக்குள் தோள் சுவரில் உரசியது. மாலையில் திரும்பும்போதும் அவரவர் கைப்பக்கம் மாறவில்லை. அந்த வாரம் சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி ராகியை மிதித்திருந்ததால், வெளியே யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. நிர்வாகம் வருகைப் பதிவு இயந்திரத்தை இரண்டு பக்கமும் மாட்டியது.

இன்ஜினியர் அஜாஸ் கேன்டீனில் விளக்கம் சொன்னார். எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் ஒரு சுழற்சி உண்டு. பிளாட்டினம் மாதிரிக் கனமான உலோகத்தில் அந்தச் சுழற்சி அது ஓடும் வழியோடு பிணைந்துகொள்ளும். ஒருவிதமாகச் சுழல்வது ஓர் ஓரத்துக்கும், எதிர்விதமாகச் சுழல்வது மறு ஓரத்துக்கும் ஒதுங்கிவிடும். "நமக்குள்ளயும் அப்படி ஒண்ணு சுத்துது போல" என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்தார்.

அருணாவும் அவள் கணவன் பிரகாஷும் ஒரே ஷிப்டுக்கு ஒரே வண்டியில் வருகிறவர்கள். பத்துப் பொருத்தமும் பார்த்த ஜோசியர் இந்த ஒன்றைப் பார்க்காமல் விட்டிருந்தார். அருணா வலது, பிரகாஷ் இடது. இடது சுவரோரம் அவனுக்கு முன்னால் பேக்கிங் பிரிவு ஜெயப்ரியா போனாள். பாதை முடிவதற்குள் அவள் திரும்பி ஏதோ சொல்வாள், பிரகாஷ் சிரிப்பான். அருணா ஜெயப்ரியாவின் பின்னலை, செருப்பை, டிபன் பையைக்கூட வெறுத்தாள்.

"என்னா சொன்னா அவ?"

"ஒண்ணியும் இல்ல. கேன்டீன்ல இன்னிக்கும் உப்புமாவாம்."

உப்புமாவுக்கு யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

அருணா இடப்பக்கம் சாய்ந்து நடந்து பார்த்தாள், பின்பக்கமாக நடந்து பார்த்தாள், பிள்ளையாரைப் பதினொரு நாள் எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். வலது சுவர்தான் வந்தது. தை பிறந்தபோதுதான், பாதையைப் பெருக்கும் நாராயணம்மா மட்டும் துடைப்பத்தோடு நட்டநடுவில் போய்வருவது அவள் கண்ணில் பட்டது. அதுவரை யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

"எங்கிட்ட பொட்டுத் தங்கம் இல்லம்மா. எதப் புடிச்சித் தள்ளும்?" என்றாள் நாராயணம்மா. அஜாஸைக் கேட்டதற்கு, தங்கமும் பிளாட்டினத்தைப் போலக் கனமானதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

அருணா முதலில் வளையலைக் கழற்றினாள். ஐம்பதாவது அடியில்தான் தோள் சுவரில் உரசியது. தோடும் மூக்குத்தியும் போனபின் நூறாவது அடியில். தாலி மிச்சமிருந்தது. இரண்டு மாதம் யோசித்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அதையும் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டாள்.

"தங்கத்த எங்கடி வெச்ச?" என்று மாமியார் சரசம்மா கேட்டாள்.

"கம்பெனில போடக் கூடாதாம் அத்தை."

அன்று அருணா நடுவில் நேராக நடந்தாள். ஆனால் தனியாக நடந்தாள். பிரகாஷின் விரலில் அவள் அப்பா கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம் இருந்தது. திங்கட்கிழமை பாதையின் வாசலில் எல்லோரும் பார்க்க அவனை நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் கழட்டிட்டேங்க. நீங்க அது ஒண்ணக் கழட்டுங்க. சேந்து போலாம்."

அவன் மறுக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். இருவரும் நடுவில் தோளோடு தோள் நடந்தார்கள். பதினைந்து அடி வரை அருணா சந்தோஷமாக இருந்தாள். அப்புறம் பிரகாஷ் மெல்ல மெல்ல விலகி, இடது சுவரோரம், ஜெயப்ரியாவின் பின்னால் போய்ச் சேர்ந்தான்.

பின்னால் வந்த அஜாஸிடம் அருணா மோதிரத்தைக் காட்டினாள். "இது எங்கிட்டத்தான இருக்குது சார். இப்ப அவர எது தள்ளுது?"

அஜாஸ் இடது சுவரைப் பார்த்தார். "அதுக்கு ஃபிசிக்ஸ்ல எதுவும் இல்லக்கா" என்றார்.

மறுநாள் அருணா வளையல், தோடு, மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தாள். பிரகாஷின் மோதிரத்தையும் கட்டைவிரலில் மாட்டியிருந்தாள். கதவைத் தாண்டிய நான்காவது அடியிலேயே வலது சுவர் வந்துவிட்டது.