ஐந்தாவது தகப்பன்

வேகவைத்த ஆட்டுத் தலை என் அண்ணன் மைராம்பெக்கின் முன்னால் வந்ததும் பிள்ளைகள் வரிசையாக எழுந்து நின்றார்கள். ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின் பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளைக்கு அவர் அந்த ஆட்டின் காதிலிருந்து ஒரு துண்டு அறுத்துக் கொடுப்பார். எங்கள் மலையூரான நாரினில் வீட்டு விருந்து அப்படித்தான். கடைசியாக என் மகள் பெகிமாய் எழுந்தாள். அவளுக்கு ஏழு பெயரும் தெரியும். மூளையிலிருந்து நாக்குக்குப் போகும் வழியில்தான் தொலைந்துபோகும். மினிபஸ் ஓட்டிப் பிழைக்கிற எனக்கு இது சுலபமாகப் புரியும்: ஆட்கள் ஏறிவிட்டார்கள், சாலையைத்தான் காணோம்.

"அவ உக்காரட்டும்டா," என்றார் அண்ணன். "பாவம், புள்ள என்ன பண்ணும்? உன் பொண்டாட்டி வீட்டு ரத்தம்."

என் மனைவி நுர்சாத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காக இதைக் கேட்டுக்கொண்டேதான் ஊற்றுகிறாள். நான் ஒன்றும் வீரன் இல்லை. அண்ணன் இருமினால் கைக்குட்டை தேடுகிற ஜாதி. ஆனாலும் அன்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்லண்ணே. பிஷ்கெக் ஆஸ்பத்திரில எங்க மூணு பேர் ரத்தத்தையும் பாத்துட்டாங்க. ஒரு மரபணுல பிசகு. எங்கிட்டேருந்துதான் போயிருக்கு. நானே அஞ்சு வயசு வரைக்கும் பேசல, மறந்துட்டீங்களா?"

"அது கூச்சம்டா!"

"ஆமாண்ணே. ஆட்டுக்குட்டிகிட்டகூட கூச்சப்பட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் சிவந்துபோனார். "நம்ம ஏழு பேர்ல யாருடா பேச்சு வராதவன்?"

"இவ வரிசைல அஞ்சாவது ஆளு ஆயுசுக்கும் வாயே தொறக்காம, தலையாட்டியே தீர்ப்பு சொன்னார்னு பெருமையடிப்பீங்களே. அவரு ரத்தத்த யாரும் சோதிக்கல. எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்."

பெகிமாய் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. தொடங்கிவிட்டாள். என் பெயர் பாதிதான் வந்தது. என் அப்பா தலைகீழாக வந்தார். நான்காமவர் கீழே விழுந்த கரண்டி மாதிரி சத்தத்தோடு வந்து சேர்ந்தார். ஐந்தாவது பெயர் ஓமுர்ஸாக். அது வராமல் அங்கேயே நின்றுவிட்டாள். உதடுகள் எதையோ துழாவின.

"போதும்மா," என்றார் அண்ணன். அவள் உட்காரவில்லை.

எங்களில் மருமகள்கள் புகுந்த வீட்டு முன்னோரின் பெயரை உச்சரிக்கக் கூடாது. நுர்சாத் இதுவரை உச்சரித்ததில்லை. இப்போது கெட்டிலைக் கீழே வைத்தாள். அண்ணனை நேராக ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளுக்குத் தெரியும்படி நிமிர்ந்து, 'ஓ'வென்று வாயைக் குவித்தாள்.

பெகிமாயின் வாயும் குவிந்தது.

ஆட்டின் காதுக்கு மேலே அண்ணனின் கத்தி அப்படியே நின்றது. சாப்பாட்டு விரிப்பின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஒரே அளவில் இரண்டு வட்டங்கள்.