ஐந்தாவது ‘வா’

எழுந்தேன். பல் தேய்த்தேன். காப்பி போட்டுக் குடித்தேன். இஸ்திரி போடாத சட்டையை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். அங்கே குரல்களை வெட்டி ஒட்டுவது என் வேலை.

முதலாளியை எல்லோரும் அண்ணன் என்போம். ஹெட்ஃபோனைக் கையில் கொடுத்தார்.

“தம்பி, அந்த மொழி கத்துக்குற ஆப் வேலை பாக்கி. உன் பொண்டாட்டி கடைசியா பேசிக் கொடுத்தது. வேற எவன் கைவச்சாலும் எனக்குப் பொறுக்காது. நீயே வெட்டிடு.”

“சரிண்ணே.”

ஒரே சொல், நான்கு மொழிகள். மொழியின் பெயரைச் சொல்வாள், சற்று நிறுத்துவாள், பிறகு சொல். அந்த நிறுத்தத்தில் அறையின் வெற்று ஓசை பதியும். ஒட்டுப்போட அது வேண்டும்.

தமிழ்: வா. பிரெஞ்சு: வா, அங்கே அதற்குப் ‘போ’ என்று பொருள். சுவீடிஷ்: வா, ‘என்ன?’ என்று கேட்பது. சமோவா மொழியிலும் வா. இருவருக்கு நடுவில் இருக்கும் வெளி.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மொழியின் பெயர் இல்லாமல் இன்னொரு நிறுத்தம் வந்தது. பிறகு, “வா.”

அண்ணனும் கேட்டார். “இது எந்த மொழிடா?”

“தெரியலண்ணே.”

“நாலுன்னுதானே பேச்சு. ஓசில கூடுதலா பேச அவ என்ன உன்னை மாதிரி இளிச்சவாயா?” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

நிறுத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கள் கூடத்தின் ஓசை இல்லை அது. ஃபிரிட்ஜின் உறுமல். நொண்டி நொண்டி ஓடும் கடிகாரம். என் வீட்டுச் சமையலறை. அந்தக் கடிகாரம் என் மனைவி இறந்தபின் அக்கா வாங்கி மாட்டியது.

சாயங்காலம் அதே சமையலறையில் நின்றேன். காதருகே, “வா.”

தமிழென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறாள். அவளிடமே போய்விடலாம் என்றிருந்தது. பால்கனிக் கதவைத் திறந்தேன். போன் அடித்தது. அக்கா.

“டேய், சாப்ட்டியா?”

“அவ கூப்பிடுறாக்கா.”



“அவளா? துணிக்கடைக்குக்கூட உன்னைக் கூப்பிட மாட்டாளேடா. நீ வந்தா வேலை கெடும்னு சொல்லுவா.”

உண்மைதான். கதவைத் தாழிட்டேன்.

அவள் விபத்தில் இறந்த அன்று நல்ல மழை. பேருந்து நிறுத்தத்திலிருந்து போனில் பேசினாள். வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் நிஜமாகவே கடைசியாகச் சொன்னது இதுதான்:

“நீ வர வேணாம். நானே வந்துடறேன்.”