திரையைத் திறந்தால் போச்சு

சாம்ராஜ்யங்கள் விழுந்தது வாளால் அல்ல, செய்தி போய்ச் சேராததால்தான். ஓர் இடத்தின் மூச்சு இன்னோர் இடத்தை எட்டாதபோது நாகரிகங்கள் மண்ணோடு மண்ணாகின்றன. வலது கையை உயர்த்தி, கண்களைப் பாதி மூடி, தலைமை நெட்வொர்க் அதிகாரி இந்த உண்மையை எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் தரை துடைக்க வந்தவர். அதிகாரி கொஞ்சம் நகர்ந்தால் அந்த இடத்தையும் துடைத்துவிட்டுப் போகலாமே என்று நின்றிருந்தார்.

அதிகாரியின் சாம்ராஜ்யத்தில் ரவுட்டர்கள் இரண்டு. ஒன்று, மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியின் அலுவலகத்தில், அவர் அறையிலேயே. மற்றது சாலைக்கு எதிர்ப்பக்கம், குடோனில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. சாலைக்கு மேலே கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் இரண்டையும் இணைத்தது. கடைக்காரர்கள் போடும் ஆர்டர் அலுவலகத்துக்கு வந்து, அந்த வழியாகத்தான் குடோன் திரைக்குப் போகவேண்டும். சில மாதங்களாக அந்த இணைப்புக்கு விக்கல். ஓடும், அறுந்துபோகும், மறுபடி தானாகவே ஓடும். அறும்போதெல்லாம் குடோன் ஆட்கள் இருமல் மருந்துப் பெட்டியைத் தோளில் வைத்தபடி, எந்த வண்டியில் ஏற்றுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

காரணத்தை அதிகாரி எப்போதோ அறிவித்துவிட்டார். கேபிள்தான்.

கேபிள் போட்டவன் அவர் மனைவியின் தம்பி. வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "சொந்தம்னு பாக்கமாட்டேன் சார். எனக்கு நெட்வொர்க்தான் முதல் சொந்தம்" என்று முதலாளியிடம் சொன்னபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. முதலாளிக்கு ஒன்றும் சிலிர்க்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் உக்காந்து பேசுவோம். கேபிள்தான் கோளாறுன்னா வேற ஆளைப் போட்டுரலாம்" என்றார்.

மைத்துனனுக்கு இந்தக் கம்பெனிதான் பெரிய வேலை. இங்கேயிருந்து கழற்றிவிட்டால், இழை ஒட்டத் தெரியாதவன் என்ற பேர் அவன் போகும் இடமெல்லாம் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். விஷயம் வீட்டுக்கும் எட்டியது. மனைவி அவரிடம் நேராக ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வைக்கும்போது மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "என் தம்பி இழுத்த கேபிளை எலிகூட யோசிச்சுத்தான் கடிக்கும். சில பேருக்கு அந்த யோசனைகூட இல்ல."

அதிகாரியின் அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை இருந்தது. இணைப்பு நன்றாக இருந்தால் பச்சை வட்டம், அறுந்தால் சிவப்பு. முதலாளியின் மாமனாரைக் கூப்பிட்டு, ரிப்பன் வெட்டித் திறந்த திரை. அறைக்கு யார் வந்தாலும் அதில் ஒரு முறை 'முழு விவரம்' என்ற பக்கத்தைத் திறந்து காட்டாமல் அனுப்பமாட்டார். குடோனிலிருந்து புகார் வந்தால் கேட்கவே வேண்டாம். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய் அதைத் திறப்பார். புகார்கள் கூடக் கூட அவர் அக்கறையும் கூடியது. அவர் அக்கறை கூடக் கூடப் புகார்களும் கூடின.

வியாழக்கிழமை கடைவாய்ப் பல் தகராறு செய்ததால் லீவு போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வீங்கிய கன்னத்தோடு வந்தபோது, சாலையிலேயே குடோன் மேற்பார்வையாளர் அம்மா எதிர்ப்பட்டார்.

"சார், நேத்து நெட்டு ஒரு தடவைகூட நிக்கல. நீங்க லீவுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்லலியே. இன்னொரு பல்லு ஏதும் ஆடுதான்னு கேட்டேன்."

சிரித்தால் கன்னம் வலிக்கும் என்பதால் அதிகாரி முறைத்துவிட்டு உள்ளே போனார். உட்கார்ந்தார். பழக்கப்பட்ட கை தானாகவே முழு விவரத்தைத் திறந்தது.

"போச்சு!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். அந்த அம்மாவின் குரலுக்கு எந்தக் கேபிளும் தேவையில்லை.

அதிகாரி பக்கத்தை மூடினார். கொஞ்ச நேரத்தில் குடோனில் தள்ளுவண்டிகள் உருளும் சத்தம் கேட்டது. மறுபடி திறந்தார்.

"போச்சு!"

மூடினார். காத்திருந்தார். மூன்றாவது முறை திறக்க அவருக்கு அவசியமே இல்லை. ஆனாலும் திறந்தார், இந்த முறையாவது குரல் வராதா என்ற நப்பாசையில். வந்தது. கூடவே ஒரு வசவும் வந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். வசவு மைத்துனனுக்கு. விடியும்போதே வந்து கம்பத்தில் இருந்த இணைப்புப் பெட்டியைச் சரிபார்த்துவிட்டு இறங்கியிருந்தவன், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கம்பத்தை நோக்கி நடந்தான்.

அதிகாரி கம்ப்யூட்டர் வழியாக ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று ஓயாமல் 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். குறித்த நேரத்துக்குள் அந்தக் குரல் வரவில்லையென்றால், எதிரில் உள்ளது செத்துப்போனதாக முடிவுகட்டி, அந்தப் பக்கம் போகும் பாதைகளையெல்லாம் அழித்துவிடும். குரல் திரும்பக் கேட்டதும் அசடு வழிந்துகொண்டே முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ளும். சாதாரணமாக நாற்பது வினாடி பொறுக்கும். இங்கே ஒரே ஒரு வினாடி என்று போட்டிருந்தது. பெரிய திரை முழு விவரம் கேட்டால், ரவுட்டர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிக்கவேண்டும். ஒப்பிக்கிற மும்முரத்தில் 'இருக்கேன்' சொல்லக் கொஞ்சம் பிந்தும். எதிர்ப்பக்கம் அதற்குள் எழவு சொல்லி அனுப்பிவிடும்.

நாற்பதை ஒன்றாக்கிய விரல் யாருடையது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. திரை திறப்பு விழா முடிந்த அன்று சாயங்காலமே தட்டியது. ஏன் தட்டினோம் என்று நினைத்ததும் அவர் காது இரண்டும் சுட்டன. அந்த நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

இருந்த இடத்திலிருந்தே இரண்டு ரவுட்டரிலும் ஒன்றை நாற்பதாக்கினார். வேர்த்த கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அப்பாடா, யாருக்கும் தெரியாமல் முடிந்தது.

மைத்துனன் கம்பத்தில் பெட்டியைப் பிரித்து, இழையைத் துடைத்து, வெட்டி, புதிதாக ஒட்டிவிட்டு, மத்தியானம் அறைக்குள் எட்டிப்பார்த்தான். கையில் இரண்டு அடுக்கு டிபன் கேரியர்.

"அத்தான், அக்கா குடுத்துவிட்டுச்சு. உங்களுக்குப் பல் வலியாம், கொழகொழன்னு பண்ணியிருக்கு. இப்ப நிக்காம ஓடுதா?"

அதிகாரி திரையைத் திறந்தார். பச்சை. எதிர்ப்பக்கம் அமைதி. "ஓடுது" என்றார்.

மைத்துனன் தரையைப் பார்த்துச் சிரித்தான். "அப்போ என் கையிலதான் கோளாறு. உங்களப் பத்தி வீட்டுல கன்னாபின்னான்னு பேசிட்டேன் அத்தான். மனசுல வச்சுக்காதீங்க. கூட்டத்துல நானே ஒத்துக்கறேன். இனிமே இந்த ஒட்டற வேலையே வேணாம்னு நெனக்கறேன். கண்ணு சரியில்லியோ என்னவோ."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கும்டா" என்று முனகினார் அதிகாரி.

"நல்லா இருந்தா எப்படி அத்தான் இத்தனை தடவை தப்பா ஒட்டுவேன்?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. வாயில் குழைந்த சோறும் இருந்தது. சோற்றை விழுங்கினார், பதிலையும் சேர்த்தே விழுங்கிவிட்டார். தப்பைத் திருத்தியதால்தான் இப்போது அவன் மேல் பழி உறுதியாகியிருந்தது. திருத்தாமலே விட்டிருந்தால் சந்தேகமாவது மிச்சம் இருந்திருக்கும்.

கூட்டம் அவர் அறையிலேயே நடந்தது. முதலாளி, மேற்பார்வையாளர் அம்மா, கதவோரம் மைத்துனன்.

"புதுசா ஒட்டினதும் சரியாயிடுச்சுன்னா கேபிள்தான்னு ஆகுது" என்றார் முதலாளி. "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்."

"சரிங்க சார். தப்பு என்னுதுதான்" என்றான் மைத்துனன்.

அதிகாரி எழுந்தார். கை தானாக உயர்ந்தது. "சார், ஒரு வலையமைப்பின் இதயத்துடிப்பு என்பது பல்வேறு கால அளவைகளின் ஒத்திசைவைச் சார்ந்தது. அவ்வொத்திசைவு பிறழும் தருணத்தில்..."

"அதாவது கேபிள்?" என்றார் முதலாளி.

கை கீழே இறங்கியது. "இல்ல சார். நான். ஒரு நம்பரை மாத்தி வச்சிருந்தேன். இந்தத் திரையில முழு விவரத்தைத் திறந்தா இணைப்பு அறுந்துடும். காலையில நாந்தான் பழையபடி மாத்தினேன். அவன் ஒட்டினது முதல்லயிருந்தே சரியாத்தான் இருந்துருக்கு."

முதலாளி அவரைக் கனிவாகப் பார்த்தார். "மச்சானுக்காகப் பழியைத் தலையில போட்டுக்கறீங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு."

"அத்தான், வேணாம்" என்றான் மைத்துனன். அவன் கண் கலங்கியதுதான் அதிகாரியால் தாங்க முடியாமல் போனது. இருபது வருஷமாக எல்லோரும் தன்னைப் பெரிய மனுஷன் என்று நம்பவேண்டும் என்று ஆசைப்பட்டவர். இன்று நம்புகிறார்கள். முள்ளாகக் குத்தியது.

"உக்காருங்க சார், காட்டறேன்" என்று நாற்பதை மறுபடி ஒன்றாக்கினார். முழு விவரத்தைத் திறந்தார். பச்சை வட்டம் பளிச்சென்று சிவந்தது. எதிர்ப்பக்கத்தில், மேற்பார்வையாளர் அம்மா இல்லாத குறையைத் தீர்க்க, நாலைந்து ஆண் குரல்கள் சேர்ந்து, "போச்சு!" என்றன.

மூடினார். வட்டம் பச்சையானது. திறந்தார். "போச்சு!"

"போதும் சார், வண்டி நிக்குது" என்றார் அந்த அம்மா. "பல்லு வலின்னு போனாரேன்னு பாவமா இருந்துச்சு. நாங்கதான் நேத்து ஒரு நாள் நிம்மதியா இருந்திருக்கோம்."

மைத்துனன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான், யாரோ வாங்கிப்போயிருந்ததைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. பிறகு அத்தானைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இப்போது கண்ணீரெல்லாம் இல்லை.

"தம்பி, நீங்க இருங்க. கேபிள் உங்க பொறுப்புதான், மாத்தமில்ல" என்றார் முதலாளி. "சரி, நாப்பது நல்லாத்தானே ஓடிட்டிருந்துது? எதுக்கு சார் ஒண்ணாக்கினீங்க?"

அதிகாரி நாற்பதைத் திரும்பத் தட்டி முடிக்கும்வரை யாரையும் பார்க்கவில்லை.

"திறப்பு விழா அன்னிக்கு, கேபிளை உருவினா பச்சை உடனே சிவப்பாயிடும்னு சொன்னேன் சார். கம்பத்துல இருக்கற நடுப் பெட்டியில உருவச் சொன்னேன். சிவப்பாகறதுக்கு நாப்பது வினாடி ஆச்சு. நான் திரையைப் பாத்துக் கையை நீட்டிக்கிட்டே நின்னேன்."

"நின்னா என்ன?"

"உங்க மாமனார் கொட்டாவி விட்டாரு, சார்."